நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு பதிவேடு

மலையுள்ள மாவட்டங்களின் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது ஒரே மாதிரியான படம் ஒன்று வரும். நீள மேசை, அதன்மேல் வரிசையாக அடுக்கிய நாட்டுத் துப்பாக்கிகள், பின்னால் விறைப்பாக நிற்கும் போலீசார். கீழே நான்கு வரிச் செய்தி: உரிமம் இல்லாத இத்தனை எஸ்.பி.எம்.எல். ரகத் துப்பாக்கிகள் பறிமுதல், அல்லது ஊர் மக்கள் தாமாக முன்வந்து ஒப்படைத்தார்கள், வழக்கு இல்லை. கொல்லிமலை, கல்வராயன்மலை, சித்தேரி, அஞ்செட்டி என்று இடம் மட்டும் மாறும். படத்தைப் பார்க்கிறவருக்கு ஏதோ பெரிய ஆயுதக் கிடங்கு பிடிபட்டதுபோலத் தோன்றும். மேசையில் கிடப்பது என்ன, அது யார் வீட்டில் எதற்காக இருந்தது, அடுத்த ஆண்டும் அதே மலையில் அதே படம் எடுக்க நேர்வது ஏன் என்று செய்தி கேட்பதில்லை. கொல்லிமலையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு காலத்து ராணுவம் கழித்துவிட்ட இந்த ஆயுதத்தைப் பிடுங்கிப் பிடுங்கி ஒழிக்க முடியாது. பதிவேட்டில் ஏற்றி, சோதித்து, கணக்கில் வைப்பதே பாதுகாப்பான வழி. அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அந்தத் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்ப்போம். அது குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. சுடுகிறவர் அதை நிமிர்த்தி நிறுத்தி, அளந்த கருமருந்தைக் குழலுக்குள் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ உருட்டிப் போட்டு, நீளக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டு அல்லது ரவை. அவை உருண்டு வெளியே வந்துவிடாமல் இருக்க இன்னொரு முறை நார். பிறகு குதிரையை இழுத்து வைத்து, குழலின் அடியிலுள்ள சிறு குமிழின் தலையில், அடிபட்டதும் தீப்பொறி விடும் கேப்பைப் பொருத்தினால்தான் வேலை முடியும். கைதேர்ந்தவருக்கும் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் அரை நிமிடமாவது ஓடிவிடும். மருந்து நமுத்துப்போனால் அந்த ஒரு வெடியும் இல்லை. கொல்லிமலையின் மழையிலும் பனியிலும் மருந்து நமுப்பதற்குக் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ராணுவம் இந்த வகையைக் கைவிட்டு, பின்பக்கம் தோட்டா போடும் ஸ்னைடர் துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியது 1866இல். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே போர்க்களத்தைவிட்டுப் போன ஒன்றைத்தான் நாம் மேசையில் அடுக்கிப் படம் எடுக்கிறோம். அதற்காக அது விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. நெஞ்சில் பட்டால் ஆள் சாவது உறுதி. ஆனால் கொள்ளைக்கும் கூலிக்கொலைக்கும் போகிறவன் தேடும் ஆயுதம் இதுவன்று. மடியில் மறைக்க முடியாது, இரண்டாவது முறை சுட நேரம் கிடைக்காது.

சட்டம் இந்த வேறுபாட்டை அறியாததும் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய்த் துப்பாக்கி கேட்கும் குடிமகனைத் தனியாகவே குறிப்பிடுகிறது. அவருடைய தேவை உண்மையானதாக இருந்து, மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் எதுவும் அவருக்குப் பொருந்தாவிட்டால், உரிமம் வழங்க வேண்டும் என்பதே அங்குள்ள நடை. பயிரைக் காக்க இந்த வகை போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்றுகூட அதே இடத்தில் இருக்கிறது. 14ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போய், சொத்துபத்து போதுமான அளவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. அரைக் காணி மரவள்ளிக் கொல்லைக்காரரை மனதில் வைத்து எழுதியது போன்ற வரிகள் இவை. சட்டம் எழுதியவர்கள் டெல்லியில் உட்கார்ந்திருந்தாலும், காட்டோரத்தில் விவசாயம் செய்கிறவனுக்கு இரவில் என்ன தேவை என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் மலையில் காகிதம் இல்லாத துப்பாக்கி ஏன் இருக்கிறது? உரிமம் கேட்டு நடக்கிற வழியைப் பார்த்தால் புரியும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி விண்ணப்பத்தோடு உடல்நல, மனநலச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி வேண்டும். போலீஸ் அறிக்கை வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான், ஒன்றையும் நான் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இவை அனைத்துக்கும் செம்மேட்டிலிருந்தோ சோளக்காட்டிலிருந்தோ ஒருவர் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி தாண்டி, நாமக்கல் வரை போய்வர வேண்டும். ஒரு முறை போய் முடிகிற காரியமும் அல்ல. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, மனு எழுதுகிறவருக்குக் காசு. எதிரில் பட்டறையில் இரும்படிக்கும் ஒருவர் இருக்கிறார், காகிதம் கேட்கமாட்டார். சட்டப்படி நடப்பது இவ்வளவு பாடாகவும், சட்டத்தை மீறுவது இவ்வளவு லேசாகவும் இருக்கிற இடத்தில் ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

தேவை உண்மையானதுதானா என்று கேட்கலாம். கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று பதினான்கு ஊராட்சிகள். பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று பெருமளவு மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் வாங்கும் கிழங்கு அது. கையில் ரொக்கம் தருகிறது என்பதால் சிறுதானியத்தை ஓரம்கட்டிவிட்டது. காட்டுப்பன்றிக்கும் அதே கிழங்குதான் பிடிக்கும். ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால் தின்பதைவிடக் கிளறிப் போடுவதுதான் அதிகம். வேரோடு பெயர்ந்த செடி அந்தப் பருவத்துக்குப் போனதுதான். பரணில் படுத்துத் தகரம் தட்டுவது, பழைய சேலையைக் கட்டிவைப்பது, நாய் வளர்ப்பது என்று செய்யாததில்லை. பன்றி சில நாள் பயப்படும், பிறகு பழகிக்கொள்ளும். ரவை போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிக்கும் ஓசைக்குத்தான் அது நெடுநாள் மிரளுகிறது என்பது மலைக்காரர்களின் அனுபவம். ஆக, துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லோரும் வேட்டைக்காரர் என்று எடுத்துக்கொள்வது பிழை.

வேட்டைக்காரரே இல்லை என்று சொன்னால் அதுவும் பிழைதான். இங்கே எழும் எதிர்ப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உரிமம் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கியைக் கொடுத்தால் காட்டில் மானும் மிஞ்சாது, உடும்பும் மிஞ்சாது என்று வனத்துறையினரும் இயற்கை ஆர்வலர்களும் சொல்வார்கள். ஆயுத உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு என்பதே என் முதல் பதில். துப்பாக்கிக்குக் காகிதம் இருப்பதால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தளர்ந்துவிடாது. பன்றியைச் சுடவும் தனி உத்தரவு வேண்டும். இரண்டாவது பதில் கணக்கைப் பற்றியது. இன்று மலையில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பது காவல்துறைக்கும் தெரியாது, வனத்துறைக்கும் தெரியாது. காட்டில் ஒரு மானின் உடல் கிடைத்தால் எந்தத் துப்பாக்கி சுட்டது என்று தேட ஒரு புள்ளிகூடக் கையில் இல்லை. எண் பொறித்து, உரிமையாளர் பெயரோடு ஏட்டில் ஏறிய துப்பாக்கிக்காரர் இரவில் காட்டுக்குள் போகும்முன் இரண்டு முறை யோசிப்பார். உரிமம் போனால் பயிருக்கும் காவல் போகும் என்ற பயம் அவருக்கு இருக்கும். எண் இல்லாத துப்பாக்கியின் சொந்தக்காரருக்கு அந்தப் பயமும் கிடையாது.

துப்பாக்கி இல்லாவிட்டால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியைப் பிடுங்கிய இடத்தில் அவுட்டுக்காய் வருகிறது. தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைச் சுற்றி வைக்கும் இந்தப் பொறி, கடிப்பது பன்றியா, மாடா, யானையா என்று பார்க்காது. வாய் கிழிந்து பட்டினி கிடந்து செத்த யானைகளின் செய்தி மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. இன்னொன்று, மின்கம்பியிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த வேலி. அதில் பன்றியோடு மனிதர்களும் சாகிறார்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லைக்காரரும் வேலி போட்டவருமே சிக்கியதுண்டு. இலங்கையின் வன்னிக் காடுகளில் கட்டுத்துவக்கு என்று ஒன்று உண்டு: விலங்கின் பாதையில் கயிற்றைக் குறுக்கே கட்டி, அதில் கால் பட்டதும் வெடிக்கும்படி வைத்துவிட்டுப் போகும் ஆளில்லாத் துப்பாக்கி. விறகு பொறுக்கப் போனவர்களும் தேன் எடுக்கப் போனவர்களும் அதனால் முடமானார்கள். இந்த மூன்றிலும் பொதுவானது ஒன்று: விசையை அழுத்தும் நேரத்தில் எதிரில் யார் என்று பார்க்க ஒரு மனிதக் கண் இல்லை. கையில் பிடித்துச் சுடும் துப்பாக்கியில் அந்தக் கண்ணாவது இருக்கிறது.

அரசின் கையிலும் இதுவரை முழு விடை இல்லை. தமிழக அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு என்று ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி மாவட்டங்களுக்கு இது பொருந்தும். கொல்லிமலையைப் போலக் காடும் கொல்லையும் வரப்பு வரப்பாக ஒட்டிக் கிடக்கும் இடத்தில் மூன்று கிலோமீட்டர் என்ற கோட்டை எங்கே போடுவது? கேரளம் வேறு வழியில் போனது. 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, பயிரை அழிக்கும் பன்றியை உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட அனுமதித்தது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு, அது இங்கே அப்படியே எடுபடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் செய்ய அவர்களால் முடிந்ததே உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் ஆட்கள் ஊரில் இருந்ததால்தான்.

பாதுகாப்பு என்ற சொல்லை எதிர்த்தரப்பு அதிகம் பயன்படுத்துவதால், சுடுகிறவரின் பாதுகாப்பையும் பேசிவிடலாம். நாட்டுத் துப்பாக்கியால் முதலில் ஆபத்து அதைத் தோளில் வைத்திருப்பவருக்குத்தான். ஏதோ குழாயைக் குழலாக்கி, அடைப்புச் சரியில்லாமல், மருந்து ஒரு பிடி கூடிப்போனால் குழல் கிழிந்து கண்ணும் விரலும் போகும். துப்பாக்கிக்குப் பேர்போன நாடுகள் இதை நெடுநாள் முன்பே உணர்ந்தன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே ஒரு சோதனைச் சாலை வந்தது. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்தைக் கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை, இல்லாவிட்டால் கழிவு. இந்தியாவிலும் உரிமம் பெற்ற தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு இத்தகைய சோதனை கட்டாயம். கள்ளத்தனமாக அடித்த குழலை மட்டும் யாரும் சோதிப்பதில்லை, அதன் முதல் சோதனையே கொல்லையில் ஒருவர் தோளில்தான் நடக்கிறது. காயம்பட்டாலும் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்ல முடியாது, வழக்கு வரும்.

இதில் வரலாறும் கலந்திருக்கிறது. ஆனால் அதை வைத்து ரொம்பக் கண்ணீர் விடவும் கூடாது. பாளையக்காரர் போர் முடிந்ததும், மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. 1930இல் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த பதினோரு கோரிக்கைகளில் ஒன்று, தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் மக்கள் கட்டுப்பாட்டில் தரப்பட வேண்டும் என்பது. அகிம்சையைப் போதித்தவரே உரிமம் என்ற ஏற்பாட்டைக் குடிமக்களின் கௌரவத்தோடு சேர்த்துப் பார்த்தார். பக்கத்திலுள்ள குடகு இந்த வரலாற்றில் தனிக்கதை. குடவர்களும் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை வைத்திருப்பவர்களும் ஆங்கிலேயர் காலம் தொட்டு உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அது செல்லும் என்றது. இதைக் காட்டி, கொல்லிமலைக்கும் விலக்கு வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நான் அப்படிக் கேட்கமாட்டேன். பிறப்பின் பெயரால் ஆயுத விலக்கு தருவது குடகில் ஒரு பழைய ஏற்பாடாக நீடிக்கட்டும். புதிதாக இன்னொரு இடத்தில் தொடங்க வேண்டாம். மலையாளி விவசாயிக்குத் தேவை சலுகை அன்று. சட்டம் ஏற்கெனவே எழுதிவைத்த உரிமத்தை மலைமேல் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

இதே குழல்வாய்த் துப்பாக்கி உலகின் வேறு மூலைகளில் எப்படி வாழ்கிறது என்று பார்ப்பது சுவையானது. அமெரிக்காவில் குழல்வாய்த் துப்பாக்கிப் பிரியர்களின் தேசியச் சங்கம் 1933இல் தொடங்கி, இண்டியானாவின் பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் போட்டி நடத்துகிறது. பிரிட்டனில் 1952இலிருந்து இதற்கு ஒரு சங்கம் உண்டு. 1971இல் உருவான சர்வதேசக் குழு உலகப் போட்டிகளையே நடத்துகிறது. இத்தாலியின் கார்டோனே வால் டிராம்பியாவில் 1957இல் தொடங்கிய பெடர்சோலி கம்பெனி, பழைய மாதிரிகளைப் பார்த்து அச்சு அசலாகப் புதுத் துப்பாக்கி செய்து விற்றே பெயர் வாங்கியது. அமெரிக்கச் சட்டம் 1898 வரை செய்த துப்பாக்கிகளையும், தோட்டா போட முடியாத அவற்றின் நகல்களையும் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பிரிட்டன் அவ்வளவு தாராளம் இல்லை. சுடுவதற்கென்றால் போலீஸ் சான்றும், கருமருந்துக்குத் தனி அனுமதியும் கேட்கிறது. இவர்கள் வாங்கும் நகல்களில் ஒரு பகுதி இந்தியப் பட்டறைகளில் செய்து கப்பலேறியவை. தீ உள்ளே போகும் துளையைப் போடாமல் அனுப்பிவிடுவார்கள். துளையில்லாதவரை அது காட்சிப் பொருள். கடல் தாண்டிப் போனதும் வாங்கியவர் துளை போட்டுக்கொள்வார். பழைய பிரிட்டிஷ் சிப்பாய் உடுப்பை மாட்டிக்கொண்டு பழம்போர்களை நடித்துக்காட்டும் வெள்ளைக்காரர் கையில் அது பொழுதுபோக்கு. அதே வேலைப்பாடு கொல்லிமலைக் கொல்லன் உலையிலிருந்து வந்தால் சிறை.

எவ்வளவு சிறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் துப்பாக்கி செய்தால் குறைந்தது ஏழு ஆண்டு, கூடினால் ஆயுள் தண்டனை. கள்ளச் சந்தைக்குக் கைத்துப்பாக்கி செய்து தள்ளும் கும்பலுக்கும் மலைப் பட்டறைக்காரருக்கும் ஒரே பிரிவுதான். நீதிபதிக்கு ஏழு ஆண்டுக்குக் கீழே இறங்கும் வழியைச் சட்டம் சுருக்கிவிட்டது. இங்கே ஓமலூர் விவகாரத்தை நினைவூட்டுவார்கள். 2022இல் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே இரண்டு இளைஞர்கள் யூடியூப் பார்த்துக் கைத்துப்பாக்கி செய்ததாகப் பிடிபட்டார்கள், வழக்கு என்.ஐ.ஏ. வரை போனது. அது உண்மையான கவலை. ஆனால் அது காட்டுவது என்ன? ஆபத்து வருவது இணையமும் கடைசல் இயந்திரமும் இருக்கும் அறையிலிருந்து. அதைத் துரத்த வேண்டிய போலீசார் மலையில் புதர் புதராகத் தேடிப் பழங்குழல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? நாட்டின் வேறு பகுதிகளில் இந்தக் கைவேலைக்குச் சட்டத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது. பிகாரின் முங்கேரில் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிற்கூடங்கள் உண்டு. (அதே ஊர் கள்ளத் துப்பாக்கிக்கும் பேர்போனது என்பதை மறைக்க வேண்டாம், உரிமக் கூடங்களில் வேலை குறையக் குறையத்தான் கைத்திறன் வெளியே கசிந்தது என்பதே அந்தக் கதையின் பெரும்பகுதி.) நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் கொன்யாக் மக்கள் குழல்வாய்த் துப்பாக்கி செய்வதைத் தங்கள் அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

பிடிபட்ட துப்பாக்கிகள் பிறகு என்னவாகின்றன என்பது இன்னொரு கேள்வி. வழக்கு முடியும்வரை கிடங்கில் துருவேறும், முடிந்ததும் அழிப்பு. அவற்றில் எது போன மாதம் அடித்தது, எது மூன்று தலைமுறைக்கு முந்தியது என்று பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. நமக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. தஞ்சை அரண்மனையின் பெரிய ஆயுதச் சேகரம் 1860களில் திருச்சிக்குப் போய், உடைத்துப் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டது. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி பின்னாளில் அந்த நாசத்தை எழுதிவைத்தார். பொறுக்கி எடுத்த ஒரு பகுதி மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து தப்பியது. இன்று தென்னிந்திய ஆயுதக் கலையைப் படிக்கிற அறிஞர்கள் எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்துக்கு வருவது அந்த மிச்சத்துக்காகத்தான். தஞ்சை அரசர்களின் வாளோடு ஒப்பிட கொல்லிமலைத் துப்பாக்கிக்கு அழகு கிடையாது, உண்மை. ஆனால் எந்த மரத்தில் கட்டை செதுக்கினார்கள், குதிரைக்கான வில்லை எதிலிருந்து எடுத்தார்கள், குழலைக் கட்டையோடு எப்படிப் பிணைத்தார்கள் என்பது ஒரு மலையின் தொழில் வரலாறு. ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவே, வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்தைத் தன் பிடியிலிருந்து விலக்கிவைக்கிறது. துருப்பிடித்த பழங்குழலை வீட்டு மச்சில் வைத்திருக்கும் கிழவருக்கு இது தெரியாது. சோதனைக்குப் போகும் காவலருக்கும் தெரியுமா என்பது சந்தேகமே. தொல்லியல் தெரிந்த ஒருவர் அழிப்புக்கு முன் ஒரு முறை கிடங்கைப் பார்த்து, பழையவற்றைச் செயலிழக்கச் செய்து சேலம் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதற்குத் தனிச் சட்டம் வேண்டாம்.

அப்படியானால் மேல்நாட்டைப் போல இங்கேயும் நகல் துப்பாக்கி செய்து, சேகரித்து, சுடும் சங்கம் வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் வரிசையில் கடைசியாக. சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் அரசே விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டியும் வைக்கிறது. ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கிப் பன்றியையும் உடும்பையும் துளைத்துப் போனதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. வேட்டைக்காரனைக் கொண்டாடும் மலையில், ஒரு வேலியிட்ட திடலில், சோதனை முத்திரை பெற்ற துப்பாக்கியால் காகித இலக்கைச் சுடுவதால் பண்பாடு கெட்டுவிடாது. சென்னையிலும் கோவையிலும் ரைபிள் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் விதிகளையே பின்பற்றலாம். என் தயக்கம் வேறு. உரிமம் கிடைக்காமல் மலைக்காரர் சிறைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, அதே துப்பாக்கியின் நகலை வார இறுதிச் சுற்றுலாக்காரர் கட்டணம் கட்டிச் சுட்டு மகிழ்வது அசிங்கமாக இருக்கும். முதலில் கொல்லைக்காரருக்குக் காகிதம். பிறகு சங்கம், அதன் பயிற்சியாளர்களாக மலைக்காரர்களே இருக்கட்டும்.

செய்ய வேண்டியதைக் கறாராகச் சொன்னால் இவ்வளவுதான். மாவட்ட ஆட்சியர் ஆண்டுக்கு இரண்டு முறை செம்மேட்டில் ஆயுத உரிம முகாம் நடத்த வேண்டும். மருத்துவர், போலீஸ், வனத்துறை, பயிற்சியாளர் நால்வரும் ஒரே பந்தலில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் பழைய துப்பாக்கிக்கு வழக்கு இல்லை என்பதோடு நிறுத்தாமல், பயிர் நிலம் இருப்பவருக்கு அதே இடத்தில் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டறைக் குழலுக்குப் பதிலாகச் சோதனை முத்திரை உள்ள தொழிற்சாலைத் துப்பாக்கி. பழங்குடி விவசாயிக்கு அதில் மானியம். ஆளுக்கொன்று கூட வேண்டியதில்லை, ஒரு குக்கிராமத்துக்கு இரண்டோ மூன்றோ பொறுப்பானவர்கள் போதும். அறுவடை முடிந்த மாதங்களில் துப்பாக்கி காவல் நிலையத்தில் இருக்கட்டும். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எல்லாக் காவல் நிலையத்துக்கும் உண்டு. பூட்டும் ஏடும் புதிதாகத் தேட வேண்டாம். குடித்துவிட்டுச் சண்டை போட்டவர், வேட்டை வழக்கில் சிக்கியவர் பெயரை ஊர்க் கூட்டமே அடித்துவிடும். யார் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஊருக்குத் தெரிவதுபோல் அலுவலகத்துக்குத் தெரியாது.

இத்தனையும் செய்து மருந்தை மறந்துவிட்டால் காரியம் பாதியில் நிற்கும். கருமருந்தும் கேப்பும் ஆயுதச் சட்டத்தின்கீழ்தான் வருகின்றன. உரிமக்காரர் உரிமம் பெற்ற கடையில், அனுமதித்த அளவுக்குத்தான் வாங்க முடியும். அந்தக் கடைகள் நகரத்தில் இருக்கின்றன. மலையில் கிடைப்பது கல்குவாரியிலிருந்து கசிவதும், வெடியுப்பும் கந்தகமும் கரியும் வீட்டில் இடித்துக் கலப்பதும்தான். இடிக்கும்போதே கை போகும். கூட்டுறவுச் சங்கத்தில் உரமும் விதையும் விற்கிற கணக்கிலேயே, உரிம ஏட்டில் குறித்து, ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று மருந்தை விற்க ஏற்பாடு வேண்டும். எவ்வளவு வாங்கினார், எத்தனை வெடி வெடித்தார் என்று அடுத்த முகாமில் கேட்கலாம். கணக்கு உதைத்தால் அந்த உரிமத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.